சந்தன மீசை

போன வாரம் காலை நடையின்போது உங்களில் ஒருத்தி, பெயர் வேண்டாம், என்னை மரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். மருமகள் விவகாரம்தான் ஏதோ சொல்லப் போகிறாள் என்று நானும் காதைத் தீட்டிக்கொண்டேன். அவளோ தாடையைத் தூக்கி, "இங்க தொட்டுப் பாரேன், ஒண்ணு குத்துதா?" என்றாள். குத்தியது. கைப்பையிலிருந்து பிளக்கரை எடுத்து, அவளை வெளிச்சம் பார்த்துத் திருப்பி, ஒரே இழுப்பில் பிடுங்கிக் கொடுத்தேன். முடி போன சந்தோஷத்தைவிட, நான் பையில் பிளக்கர் வைத்துக்கொண்டு அலைகிறேன் என்பதுதான் அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

தோழிகளே, அறுபது தாண்டி, தீட்டெல்லாம் நின்றபிறகு, உங்களுக்கு இப்போதுதான் தாடையில் ஒன்றிரண்டு எட்டிப் பார்க்கிறது. நீங்கள் புது அட்மிஷன். நான் பதின்மூன்று வயதிலேயே இந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தவள். ஆகவே மரத்தடி ரகசியமெல்லாம் வேண்டாம். சீனியர் சொல்வதை உட்கார்ந்து கேளுங்கள்.

அப்போது நாங்கள் பூனேயில், போபோடியில் ஒரு சாளில் இருந்தோம். ஒரே நீள வராந்தா, வரிசையாகக் கதவுகள், கடைசியில் எல்லோருக்கும் பொதுவான குழாய். இன்று அந்தப் பக்கம் மெட்ரோ தலைக்கு மேல் ஓடுகிறது. அன்று ஃபாக்டரி சங்குதான் எங்களுக்குக் கடிகாரம். அதை அங்கே போங்கா என்பார்கள். முதல் போங்கா ஊதும்போது அப்பா வராந்தா ஆணியில் மாட்டிய கண்ணாடியின் முன்னால் நின்று முகம் மழித்துக்கொண்டிருப்பார். சோப்பு நுரை வாசனையும் ஈரத் துண்டும் படிகாரமுமாக அந்த மூலையே ஒரு தனி உலகம். இரண்டாவது போங்காவுக்கு சைக்கிள் கிளம்பிவிடும்.

நான் பெரியவளான அடுத்த வருஷம் மேலுதட்டில் கறுப்பு படர ஆரம்பித்தது. பிறகு காதோரம், பிறகு தாடைக்குக் கீழே. உள்ளதைச் சொல்கிறேன், அது அவமானம் என்றே எனக்கு முதலில் தெரியாது. கண்ணாடியில் பார்த்தால் அப்பா ஜாடை இன்னும் கூடியதாகத் தோன்றியது, அவ்வளவுதான். என் முகத்தைப் பார்க்கும் பெரியவர்களின் முகம் மாறியதைப் பார்த்துத்தான் விஷயம் கெட்டது என்று புரிந்துகொண்டேன். வகுப்பில் ஒருத்தி என்னை மிஷாவாலி என்றாள். மராத்தியில் மிஷா என்றால் மீசை. "உங்கப்பாவுக்கு இதுகூட இல்லையே" என்று நான் திருப்பிக் கேட்டதும் வாயை மூடிக்கொண்டாள். அவள் அப்பாவுக்கு நிஜமாகவே இல்லை.

வீட்டில்தான் யார் வாயையும் மூட முடியவில்லை. அம்மா வைத்தியத்தில் இறங்கிவிட்டாள். காலையில் கஸ்தூரி மஞ்சள், மாலையில் பயற்றம்மாவு. அதற்கும் அசையவில்லை என்றதும் குப்பைமேனியும் மஞ்சளும் அரைத்துப் போட்டால் முடி உதிரும் என்று ஞாபகம் வந்தது. அம்மாவுக்குத் திருநெல்வேலிப் பக்கம். ஊரில் வேலியோரம் பார்த்த செடியைப் போபோடி ரயில் பாதையோரம் தேடிப் போனாள். அதே மாதிரி இருந்த ஏதோ ஒன்றைப் பிடுங்கி வந்து அரைத்து அப்பினாள். மதியத்துக்குள் என் முகம் பூரி மாதிரி உப்பிவிட்டது. கண் திறக்க முடியவில்லை. வீக்கம் வடிந்தபோது மீசை இருந்த இடத்திலேயே இருந்தது.

"இந்த ஊரு தண்ணிக்கு எதுவும் பலிக்க மாட்டேங்கு" என்றாள் அம்மா.

தண்ணீருக்கு அடுத்தபடியாக அவள் குற்றம் சாட்டியது அத்தையை. அப்பாவின் அக்கா, நாங்குநேரிப் பக்கம் இருந்தாள், வருஷத்துக்கு ஒருமுறை பார்ப்போம். அவளுக்கு மேலுதட்டில் லேசாக ஒரு நிழல் உண்டு. உண்டென்றால், உற்றுப் பார்த்தால் உண்டு. ஆனால் அம்மா அதை வைத்தே ஒரு வம்ச வரலாறு எழுதிவிட்டாள்.

"எல்லாம் ஒங்க அக்கா குடுத்த சீதனம்" என்பாள் அப்பாவிடம். "எங்க பக்கத்துல எவளுக்கும் இப்படிக் கெடையாது."

அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்கமாட்டார். "ரசம் இருக்கா?" என்று மட்டும் கேட்பார்.

அந்த மழைக்காலத்தில்தான் அம்மா நேர்ந்துகொண்டது தெரியவந்தது. எங்கள் வரிசைக்குப் பின்னால், ஃபாக்டரித் தமிழர்கள் சேர்ந்து கட்டிய சின்ன மாரியம்மன் கோயில் இருந்தது. ஆடி வெள்ளிக்கு அங்கே கூழ் ஊற்றுவார்கள். பூனேயில் நாச்னி என்று விற்கிற கேழ்வரகு மாவுதான். பிள்ளைகளுக்கு மொட்டை போடுவதும் அன்றைக்கே. என் முகத்து முடியை அம்மன் எடுத்துக்கொண்டால் என் தலைமுடியைக் கொடுப்பதாக அம்மா வேண்டிக்கொண்டிருந்தாள். முடிக்கு முடி. அம்மன் அசையவில்லை. சரி, முதலில் கொடுத்தால்தான் சாமியும் கவனிக்கும் போலிருக்கிறது என்று, வருகிற ஆடி வெள்ளிக்கே மொட்டை என்று முடிவு செய்துவிட்டாள்.

என் தலைமுடியைப் பற்றி நான் சொல்லியே ஆகவேண்டும். இன்று இந்த எலிவாலைப் பார்ப்பவர்கள் நம்பமாட்டீர்கள். அவிழ்த்துவிட்டால் இடுப்புக்குக் கீழே விழும். இரட்டைப் பின்னலாக மடித்து ரிப்பன் கட்டினாலும் தோளில் கனக்கும். சாளின் பெண்கள் எல்லோரும் ஒருமுறையாவது தொட்டுப் பார்த்திருப்பார்கள். மிஷாவாலி என்றவளே ஒருநாள், "என்ன எண்ணெய் போடுற?" என்று கேட்டாள். பதின்மூன்று வயதில் என்னிடம் இருந்த ஒரே சொத்து அது. அதைக் கொடுக்க எனக்கு இஷ்டமில்லை. அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்தில் மொட்டைத் தலையோடும் மீசையோடும் போய் நிற்கவேண்டும்.

பக்கத்துக் கதவு மாவுஷி அதைவிடப் பதறினாள். மராத்திக்காரி. நாங்கள் அவளைச் சித்தி முறையில் மாவுஷி என்போம். சேதி கேட்டதும் கையிலிருந்த முறத்தோடு ஓடிவந்தாள். "அகோ, பைத்தியமா பிடித்திருக்கிறது? எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் புருஷன் செத்தவளுக்குத்தான் தலையைச் சிரைப்பார்கள். கன்னிப் பெண்ணுக்கு யாராவது செய்வார்களா?" என்று மராத்தியில் கத்தினாள்.  அம்மாவின் முகம் இறுகிவிட்டது. மொட்டை நமக்கு பக்தி, அவர்களுக்கு அமங்கலம் என்பது அன்றைக்குத்தான் அவளுக்கே உறைத்தது. ஆனாலும் சாமியிடம் சொன்ன வாக்கு. அதை மாற்றிப் பேச அவளுக்குத் தைரியமில்லை.

அந்த வெள்ளிக்கிழமை விடியற்காலையில் நான் முதலில் எழுந்துவிட்டேன். குளித்துவிட்டுக் கொஞ்சம் விபூதி பூசிக்கொண்டு போவோம், தைரியமாக இருக்கும் என்று தோன்றியது. சமையல் அலமாரியில் பருப்பு டின்னுக்குப் பின்னால் ஒரு பழைய பவுடர் டப்பா இருக்கும். பழனி விபூதி, பிள்ளைகள் தொடக்கூடாது என்று அம்மா சொல்லி வைத்திருந்தாள். பொதுவாக நான் சொன்ன சொல் கேட்கிற பிள்ளை. அன்றைக்கு மட்டும், மொட்டை அடித்துக்கொள்ளப் போகிறவளுக்கு இந்த உரிமைகூடவா இல்லை என்று எடுத்துத் திறந்தேன்.

விபூதி வாசனை இல்லை. அடுப்பு வாசனை. அங்கே ஷேகடி என்று சொல்லும் கரியடுப்பில் அள்ளிய சாம்பலைச் சலித்து வைத்திருந்தாள். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தேன். சாம்பலுக்குள் குட்டை குட்டையாகக் கறுப்பு முடிகள் கிடந்தன. கடினமான, கொஞ்சம் வளைந்த முடிகள். டப்பாவின் மூடிக்குள் கைக்கண்ணாடியின் உடைந்த துண்டு ஒன்று சொருகியிருந்தது.

விரலில் சாம்பல் தொட்டுக்கொண்டால் வழுக்காமல் பிடுங்கலாம். இது எனக்குத் தெரியும். ஊரில் கோழி உரிக்கும்போது பார்த்திருக்கிறேன். தினமும் நாங்கள் எழுந்திருக்குமுன் அம்மா முகத்தில் பவுடர் போட்டு முடித்திருப்பது ஏன், தாடையில் எப்போதும் இரண்டு பரு சிவந்திருப்பது ஏன், அப்பா கண்ணாடி முன்னால் அவள் ஒருநாளும் நிற்காதது ஏன் என்பதெல்லாம் அந்த ஒரு டப்பாவில் விளங்கிவிட்டது.

எனக்குக் கோபம் வரவில்லை. சிரிப்பும் வரவில்லை. பயம்தான் போய்விட்டது. சாளில் யாருக்குப் பிரசவ வலி எடுத்தாலும், யார் வீட்டில் சண்டை வந்தாலும் முதலில் தேடுவது என் அம்மாவைத்தான். அவளுக்கே இருக்கிறதென்றால் இதனால் ஒன்றும் குடி முழுகிவிடாது என்று நிச்சயமாகத் தெரிந்தது.

கோயிலில் நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். மழை அதன்மேல் தாளம் போட்டது. ஒரு பக்கம் கூழ் அண்டா, ஒரு பக்கம் மணை போட்டு உட்கார்ந்த நாவிதர். கட்கி பஜாரில் ஆண்களுக்கு சலூன் வைத்திருந்தவர், இந்தி பேசுகிறவர். ஆடிக்கு மட்டும் தகரப் பெட்டியோடு இங்கே வருவார். எனக்கு முன்னால் ஒரு கைக்குழந்தை கத்தித் தீர்த்தது. அதன் தலையில் சந்தனம் அப்பி எடுத்துக்கொண்டு போனதும் என்னைக் கூப்பிட்டார்கள். மணையில் உட்கார்ந்தேன். ஈரமான பின்னல் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"எம்மா, தலைய விடச் சொல்லு. முகத்த எடுக்கச் சொல்லு" என்றேன்.

"என்னட்டி சொல்லுத?"

"அம்மனுக்கு முகத்து முடியவே குடுப்போம்."

அம்மாவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "வேண்டாதத சாமிக்குக் குடுப்பாவளா? அம்மன் என்ன குப்பைத் தொட்டியா?"

"எனக்கு அம்மை போட்டிருந்தப்ப என்ன சொல்லி வேண்டுன? நீ குடுத்தத நீயே எடுத்துக்க தாயின்னு தான? இதையும் அவதான் குடுத்தா. அவளே எடுத்துக்கட்டும்."

கூழ் ஊற்றிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். நாவிதர் கத்தியைத் தீட்டியபடி யாராவது முடிவு சொல்லட்டும் என்று காத்திருந்தார். அம்மா குனிந்து என் பின்னலைப் பிடித்தாள். அவள் காது என் வாய்க்குப் பக்கத்தில் வந்தது. அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்.

"தலைமுடி குடுத்தாதான் போகும்னா, ரெண்டு பேர் தலையையும்லா குடுக்கணும். பவுடர் டப்பாவப் பாத்துட்டேன்."

பின்னலைப் பிடித்த கை அப்படியே நின்றது. அம்மா என்னை அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அடிக்கவும் இல்லை, அழவும் இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், மேலுதட்டை, காதோரத்தை, தாடையை. அதற்குமுன் அவள் அந்த இடங்களை மருந்து போடத்தான் பார்த்திருக்கிறாள். பிறகு நிமிர்ந்தாள். நாவிதரிடம் தனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னாள்.

"சிர் நஹி பையா. மூ."

தலை இல்லை, முகம். நாவிதர் திடுக்கிட்டுப் போனார். "அம்மா, மோட்டா ஆயேகா" என்றார். கனமாக முளைக்கும் என்று எச்சரிக்கை. அவருக்கும் அந்த பயம்தான். கூட்டத்தில் ஒருவர், "பொம்பளப் புள்ள முகத்துல பிளேடு பட்டா ஆம்பள மாதிரி வளருமே, வேண்டாம்மா" என்றார்.

"வளந்தா எங்க வீட்டுல தான வளருது? ஒங்களுக்கு என்ன?" என்றாள் அம்மா. "பண்ணு பையா."

சோப்பு நுரை என் முகத்தில் பட்டபோது அப்பாவின் மூலை வாசனை வந்தது. கத்தி மேலுதட்டில் இறங்கியது, பிறகு காதோரம், பிறகு தாடை. கொஞ்ச நேரத்தில் முடிந்துவிட்டது. மழைக் காற்று மேலுதட்டில் நேராகப் பட்டது. அந்தக் குளிர்ச்சியை இன்றும் என்னால் சொல்லில் கொண்டுவர முடியவில்லை. நாவிதர் நுரையைச் செய்தித்தாளில் வழித்து வைத்திருந்தார். அம்மா அதைப் பொட்டலமாக மடித்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய்ச் சூலத்தின் அடியில் வைத்துக் கும்பிட்டாள். வாக்கு வாக்குதான்.

அடுத்துத்தான் வேடிக்கை. முடி இறக்கிய இடத்தில் சந்தனம் பூசவேண்டும், அது முறை. அம்மா முறை தவறாதவள். என் மேலுதட்டிலும் காதோரத்திலும் தாடையிலும் குளிரக் குளிரச் சந்தனம் பூசிவிட்டாள். இருந்த மீசையை எடுத்துவிட்டு, அதே இடத்தில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி மஞ்சளாக ஒரு சந்தன மீசை, சந்தனத் தாடி. இரட்டைப் பின்னல் ஆட, அந்தக் கோலத்தில் சாளின் முதல் கதவிலிருந்து கடைசிக் கதவுவரை நடந்தேன். மாவுஷி வாசலில் நின்றிருந்தாள். என் தலையைத் தொட்டுப் பார்த்தாள், முடி இருந்தது. முகத்தைப் பார்த்தாள். புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நானும் சிரித்தேன். வெகுநாளைக்குப் பிறகு அம்மாவும் சிரித்தாள்.

அதற்கப்புறம் சாளே காத்திருந்தது, கம்பி மீசை முளைப்பதற்கு. தண்ணீர் பிடிக்க வருகிறவர்கள் எல்லாம் என் முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் குழாயைத் திறப்பார்கள். முடி வந்தது. முதலில் தடவினால் சொரசொரவென்றிருந்தது. "பாத்தியா, பாத்தியா" என்றார்கள். பிறகு வளர வளரப் பழைய மீசைதான், அதே மெலிசு, அதே நிறம். ஒரு முடிகூடக் கூடவில்லை. மாவுஷி விரலால் தடவிப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னபின்தான் ஊர் அடங்கியது.

மாவுஷிதான் எங்களைப் பூனே கேம்ப் பகுதியில் ஒரு லேடி டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் என்னிடம் கேட்டது எல்லாம் வேறு கேள்விகள். தீட்டு மாதாமாதம் ஒழுங்காக வருகிறதா, முடி திடீரென்று வந்ததா மெதுவாகவா, குரல் கட்டைக்குரலாக மாறியதா, உச்சந்தலையில் முடி கொட்டுகிறதா. தீட்டு ஒழுங்குதான், முடி மெதுவாகத்தான் வந்தது, மற்றது எதுவும் இல்லை. அப்படியானால் நோய் ஒன்றுமில்லை, சில குடும்பத்தில் இப்படித்தான் என்றார். மழித்தால் கனமாக வளராது, வெட்டிய நுனி மொட்டையாக இருப்பதால் கைக்குக் குத்துகிறது, அவ்வளவுதான் என்றும் சொன்னார். பேசிக்கொண்டே அவர் கண் அம்மாவின் தாடைக்குப் போயிற்று.

"இது என்ன புண்?"

அம்மா தரையைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "ராக்" என்றாள். சாம்பல்.

டாக்டர் சிரிக்கவில்லை. சாம்பலை விடுங்கள், சீழ் பிடிக்கும் என்று களிம்பு எழுதிக் கொடுத்தார்.

வீட்டில் அம்மா என் விஷயத்தை மட்டும்தான் அப்பாவிடம் சொன்னாள். அடுத்த நாள் சாயங்காலம் அப்பா கட்கி பஜாரிலிருந்து ஒரு காகிதப் பொட்டலம் கொண்டுவந்தார். பிரித்தால் இரண்டு புது ரேசர்.

"ரெண்டு எதுக்கு?" என்றாள் அம்மா.

"ஒண்ணு இவளுக்கு, ஒண்ணு ஒனக்கு."

அம்மாவின் கை தானாகத் தாடைக்குப் போனது. "ஒங்களுக்கு யாரு சொன்னா?"

"இத்தன வருசமா பக்கத்துல படுக்கேன். எனக்கென்ன கண்ணு பொட்டையா?"

அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். சாய்ந்தபடியே அடுத்த கேள்வியைக் கேட்டாள். "அப்போ ஒங்க அக்காவ நான் அத்தன பேச்சு பேசும்போது ஏன் வாயத் தொறக்காம இருந்திய?"

"அவ நாங்குநேரியில இருக்கா. நான் இங்ஙன ஒங்கையால சோறு திங்கணும்லா" என்றார் அப்பா.

பாவம் அத்தை. அவள் மேல் போட்ட பழியைக் கடைசிவரை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. இப்போது யோசித்தால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது. வாயைத் திறந்து சொன்னால் குடும்பம் கவிழ்ந்துவிடும் என்று ஆளாளுக்கு நினைத்து, ஒரு சின்னப் பெண்ணின் தலைமுடியைக் கொடுக்கிற அளவுக்குப் போய்விட்டார்கள். பவுடர் டப்பா அதற்குப் பிறகு கண்ணில் படவில்லை. அம்மா எங்கே போட்டாள் என்று நானும் கேட்கவில்லை.

ஆகவே தோழிகளே, ஒன்றிரண்டு வந்தால் பிளக்கர் போதும். அதிகமானால் மழித்துக்கொள்ளுங்கள், நூல் போடுங்கள், கையில் காசிருந்தால் லேசர் செய்யுங்கள், ஒன்றும் செய்யாமலும் இருங்கள். உங்கள் முகம், உங்கள் இஷ்டம். திடீரென்று கொத்துக் கொத்தாக வந்தாலோ, பேத்திகளுக்குத் தீட்டும் தள்ளிப்போய் முடியும் வந்தாலோ, மஞ்சளைத் தேடாமல் டாக்டரைத் தேடுங்கள். ரயில் பாதையோரச் செடியை மட்டும் தயவுசெய்து அரைக்காதீர்கள்.

அம்மா இப்போது சிஞ்ச்வட்டில் என்னோடு இருக்கிறாள். எண்பது தாண்டிவிட்டது. அப்பா வாங்கிக் கொடுத்த நாள் முதல் அவள் ரேசரைக் குளியலறைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டுதான் தொட்டிருக்கிறாள். என் முன்னால்கூட ஒருநாளும் இல்லை. இந்த வருஷம் கை நடுக்கம் கூடிவிட்டது. நேற்றுக் காலை பால்கனியில் வெயிலில் உட்கார்ந்திருந்தவள், "ஏட்டி, அந்த ரேசர எடுத்துட்டு வா" என்றாள்.

கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீரும் சோப்பும் கொண்டுபோனேன். எதிர் ஃபிளாட்டுப் பெண் துணி காயப்போட்டுக்கொண்டே எங்களைப் பார்த்தாள். அம்மாவுக்குச் சங்கடமாக இருக்குமே என்று நான் எழுந்து திரையை இழுக்கப் போனேன்.

"அது கெடக்கட்டும்ட்டி" என்றாள் அம்மா. "வெளிச்சம் வேண்டாமா ஒனக்கு?"

சொல்லிவிட்டு, தெருவைப் பார்த்துத் தாடையை நன்றாகத் தூக்கிக் கொடுத்தாள்.